இலை கறுத்தா மரம் சாகாது: வீட்டு மரத்துக்கு என்ன நோய்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

(இது ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகத் தொகுக்கப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் நம்ம வீட்டு மரங்களைப் பத்தி. தோப்பு, பண்ணைன்னு பெரிசா எல்லாம் போகல. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு தென்னை, பின்பக்கம் ஒரு முருங்கை, இடம் இருந்தா ஒரு மா, கிணத்தடியில எலுமிச்சை, கறிவேப்பிலை. சென்னை, கோவை, மதுரை, திருச்சின்னு எந்த ஊர்ல பழைய தனி வீடுகள் இருக்கிற தெருவுக்குள்ள போனாலும் இந்தக் கூட்டணியைப் பார்க்கலாம். நட்டது தாத்தா பாட்டியா இருக்கும். பார்த்துக்கிற பொறுப்பு இப்போ உங்க தலையில. வாடகை வீடா இருந்தா தேங்காய் ஹவுஸ் ஓனருக்கு, கீழ விழுற மட்டையை இழுத்துப் போடுறது உங்களுக்கு.

இந்த மரங்களுக்கு ஏதாவது வந்தா நாம பொதுவா என்ன பண்றோம்? இலை கறுத்துப் போச்சு, காரெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுதுன்னா பதறிப்போய்க் கடைக்கு ஓடுறோம். "ஏதாவது ஸ்ட்ராங்கான மருந்து குடுங்க"ன்னு கேட்கிறோம். அதே மரத்தோட தண்டுல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், அதுலேர்ந்து பழுப்பா ஏதோ வடிஞ்சிட்டிருக்கும். அதை யாருமே கண்டுக்கிறதில்ல. இது அப்படியே தலைகீழா இருக்கணும். இலையில தெரியுற பிரச்சினை பெரும்பாலும் ஜலதோஷம் மாதிரி. தண்டுலயும் குருத்துலயும் வேரடியிலயும் தெரியுறது நெஞ்சுவலி மாதிரி. முதல்ல "என்ன பூச்சி?"ன்னு கேட்காதீங்க. "பாதிப்பு எங்க இருக்கு?"ன்னு கேளுங்க. பாதி வைத்தியம் அதுலயே முடிஞ்சிடும்.

காரை நாறடிக்கிற அந்தக் கறுப்பு

நிறைய பேர் கேட்கிற விஷயத்துலேர்ந்தே ஆரம்பிக்கலாம். தென்னை ஓலை மேல்பக்கம் புகை படிஞ்ச மாதிரி கறுப்பா இருக்கும். கீழ நிக்கிற பைக், கார், துளசி மாடம், வாழை இலை எல்லாம் ஒட்டும், அப்புறம் கறுக்கும். இதுக்குக் காரணம் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இந்தியாவுல இது முதல்ல கண்ணுல பட்டது 2016-ல, பொள்ளாச்சி, பாலக்காடு பகுதியில. இப்போ தென்னை இருக்கிற பெரும்பாலான ஊர்கள்ல இருக்கு.

கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். கீழ விழுந்த மட்டையை எடுத்து ஓலையோட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. வெள்ளையா மெழுகுப் பொடியால சுருள் சுருளா கோலம் போட்ட மாதிரி இருக்கும். அது அந்த ஈ முட்டை வைக்கிற விதம். குஞ்சும் ஈயும் ஓலையோட சாறை உறிஞ்சும். உறிஞ்சினதுல மிச்சமாகிற இனிப்பான திரவம் கீழ சொட்டும். அந்த இனிப்பு மேல வளர்ற பூஞ்சைதான் நீங்க பார்க்கிற கறுப்பு. அதுக்குப் பேரு கரும்பூசணம். கவனிங்க, அந்தப் பூஞ்சை ஓலைக்குள்ள இறங்குறதில்ல. மேல படிஞ்சு வெயிலை மறைக்கும், அவ்வளவுதான். அதனால மரம் கொஞ்சம் சோர்ந்து போகும், காய் குறையலாம். மரம் செத்துப் போகாது.

என்ன பண்ணலாம்? மரம் குட்டையா இருந்தா ஹோஸ் பைப்பால ஓலையோட அடிப்பக்கம் படுற மாதிரி தண்ணியை வேகமா அடிங்க. மஞ்சள் நிற பிளாஸ்டிக் ஷீட்ல விளக்கெண்ணெய் தடவி தொங்க விட்டா ஈ வந்து ஒட்டிக்கும். கறுப்பு போகணும்னா மைதா மாவுக் கஞ்சி. ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சி, ஆற வெச்சு, வடிகட்டி, ஓலை மேல தெளிக்கணும். வெயில்ல காயும்போது மைதா தோல் மாதிரி உரிஞ்சு, கறுப்பையும் சேர்த்துக் கொண்டு போயிடும். கேட்க விளையாட்டு மாதிரி இருந்தாலும், இது வேளாண் பல்கலைக்கழகமே சொல்ற முறை.

ரசாயன மருந்து அடிக்காதீங்கன்னும் அவங்களே சொல்றாங்க. ஏன்னா இந்த ஈயைத் தேடிப் பிடிச்சு, அதோட குஞ்சுக்குள்ளயே முட்டை வைக்கிற ஒரு குட்டிக் குளவி இருக்கு. பேரு என்கார்சியா. அது முட்டை வெச்ச குஞ்சு வெள்ளையா இருக்காது, கறுப்பா மாறிடும். ஓலைக்கு அடியில அப்படிக் கறுப்புப் புள்ளிகள் நிறைய தெரிஞ்சா சந்தோஷப்படுங்க, உங்க மரத்துல வேலைக்கு ஆள் வந்தாச்சு. மருந்து அடிச்சா முதல்ல சாகிறது இந்தக் குளவிதான்.

பப்பாளி சொல்லித்தந்த பாடம்

"குளவியை நம்பிச் சும்மா உட்காரச் சொல்றீங்களா?"ன்னு கேட்பீங்க. நம்ம ஊர்லயே நடந்த கதை ஒண்ணு இருக்கு. 2008-ல கோவைப் பக்கம் பப்பாளி மரங்கள்ல பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி வந்துச்சு. மெக்சிகோ பக்கத்துலேர்ந்து வந்தது. பப்பாளியோட நிக்கல, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தின்னு பரவிடுச்சு. மருந்து மேல மருந்து அடிச்சுப் பார்த்தாங்க. உடம்பு மேல மெழுகுப் போர்வை இருக்கிறதால மருந்து உள்ள இறங்கல. கடைசியில 2010-ல போர்ட்டோ ரிக்கோ தீவுலேர்ந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டு வந்து வளர்த்து, தோட்டங்கள்ல விட்டாங்க. அதுல அசிரோஃபேகஸ்னு ஒரு குளவி, எறும்பை விடச் சின்னது. மருந்தால முடியாததை அது முடிச்சுக் குடுத்துச்சு.

அதுக்காக எல்லாத்தையும் இயற்கை பார்த்துக்கும்னு விட்டுடலாம்னு அர்த்தம் இல்ல. இலையில இருக்கிற பூச்சிக்கு எதிரிகள் ஏற்கெனவே அங்க இருக்கு, அவசரப்பட்டு அதுங்களைக் கொன்னுடாதீங்கன்னுதான் சொல்றேன். மாவுப்பூச்சி, அசுவினி மாதிரி சாறு உறிஞ்சுற பூச்சிங்க சின்ன மரத்துல அதிகமா இருந்தா, மோசமான கிளையை வெட்டி எடுங்க, மீதிக்கு வேகமா தண்ணி அடிங்க. அப்புறமும் குறையலன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்துல தெளிங்க. மரத்துல எறும்பு வரிசையா ஏறி இறங்குதுன்னா, மேல எங்கயோ சாறு உறிஞ்சுற பூச்சி இருக்குன்னு துப்பு. அந்த இனிப்புத் திரவத்துக்காகத்தான் எறும்பு போகுது. பதிலுக்கு அந்தப் பூச்சிக்குக் காவலும் காக்குது.

முருங்கையும் எலுமிச்சையும்

மழைக்காலம் வந்தா முருங்கை மரத்துல கம்பளிப்பூச்சி. பகல்ல தண்டு மேல கும்பலா ஒட்டிக்கிட்டு இருக்கும், ராத்திரி மேல ஏறி இலையை மேயும். இது மரத்தை விட நமக்குத்தான் தொந்தரவு. முடி பட்டா உடம்பெல்லாம் அரிச்சுத் தடிச்சிடும். பழைய வழக்கம் தீப்பந்தம் காட்டுறது. நெருக்கமான தெருவுல அது வேண்டாம், பட்டையும் வெந்துடும். கும்பலா இருக்கிறதே நமக்கு வசதி. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டு, நீளமான துடைப்பத்தால சோப்புத் தண்ணி இருக்கிற பக்கெட்ல தள்ளி விட்டுடுங்க. இலையெல்லாம் மொட்டையாப் போனாலும் முருங்கை மறுபடியும் துளிர்க்கும்.

எலுமிச்சை, கறிவேப்பிலையில இலை மேல பறவை எச்சம் மாதிரி ஏதாவது இருந்தா கொஞ்சம் உத்துப் பாருங்க. பல நேரம் அது எச்சம் இல்ல, பட்டாம்பூச்சியோட புழு. பறவைகள் கண்ணுல மண்ணைத் தூவ அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாயிடும். கையால எடுத்துப் போட்டாப் போதும். செடி பெரிசா இருந்தா நாலு இலையை அதுக்கு விட்டுக் குடுங்க, அழகான பட்டாம்பூச்சி கிடைக்கும். கறிவேப்பிலையைக் குழம்புல போட்டுச் சாப்பிடுறோம், அதுல மருந்து அடிக்கிற பேச்சே வேண்டாம்.

இன்னொண்ணு. மரப்பட்டை மேல வெள்ளையா, சாம்பல் பச்சையா திட்டுத் திட்டா படிஞ்சிருக்கிறது நோய் இல்ல. அது பாசிப் படலம் மாதிரி ஒரு உயிர், மரத்தை ஒண்ணும் பண்ணாது. சுரண்டாதீங்க.

இனிமேதான் சீரியஸ்: குருத்து

இப்போ தென்னையோட உச்சிக்குப் போவோம். மா மரத்துல ஒரு கிளை போனா இன்னொரு கிளை வரும். தென்னைக்கு வளர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான், உச்சியில இருக்கிற குருத்து. அது போச்சுன்னா மரமே போச்சு. அதனால குருத்துல வர்ற எதையும் தள்ளிப்போடக் கூடாது.

புதுசா விரியுற மட்டையில, கத்திரிக்கோலால விசிறி மாதிரி வெட்டின அடையாளம் தெரிஞ்சா அது காண்டாமிருக வண்டு. குருத்து மடிச்சிருக்கும்போதே வண்டு துளைச்சிடுது. மட்டை விரியும்போது அந்த வெட்டு வரிசையாத் தெரியுது. தேங்காய் பறிக்க மரம் ஏறுற அண்ணன் வரும்போது குருத்தைப் பார்க்கச் சொல்லுங்க, முடிஞ்சா போன்ல ஒரு வீடியோவும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. வண்டு இருந்தா கம்பிக் கொக்கியால இழுத்து எடுப்பாங்க. அப்புறம் குருத்தை ஒட்டின மூணு மட்டை இடுக்குல வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து போடலாம். இல்லன்னா பாச்சை உருண்டை மூணு வெச்சு மேல மணல் போடலாம்.

ஆனா வண்டு எங்கேர்ந்து வந்துச்சு? இதுதான் சிட்டில இருக்கிறவங்க கவனிக்க வேண்டியது. இந்த வண்டு முட்டை வைக்கிறது எருக்குழியில, மக்கின குப்பையில, அழுகிக் கிடக்கிற மரக்கட்டையில. நீங்க ஆசையா வெச்சிருக்கிற கம்போஸ்ட் தொட்டியைக் கிளறும்போது, பழுப்புத் தலையோட, வெள்ளையா, வளைஞ்சு படுத்திருக்கிற கொழுத்த புழு இருந்தா சந்தேகப்படுங்க. எடுத்து அழிச்சிடுங்க. கம்போஸ்ட்டை மூடி வைங்க, அடிக்கடி கிளறுங்க. பக்கத்துக் காலி மனையில அழுகிக் கிடக்கிற தென்னை அடிக்கட்டையும் இதே கணக்குல வரும்.

அடுத்தது குருத்தழுகல். மழைக்காலத்துல வர்ற பூஞ்சை வகை நோய். நடுக்குருத்து மட்டும் மஞ்சளாகி வாடும், இழுத்தா சுலபமா கையோட வந்துடும், கெட்ட நாத்தம் அடிக்கும். சுத்தி இருக்கிற மட்டைங்க பச்சையா இருக்கிறதால கீழேர்ந்து பார்த்தா மரம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். இதுக்கு நாள் கணக்கு முக்கியம். அழுகினதை எல்லாம் சுத்தமா வெட்டி எடுத்துட்டு, அந்த இடத்துல போர்டோ பசை தடவி, புதுக் குருத்து வர்ற வரைக்கும் மழைத்தண்ணி இறங்காம மூடி வைக்கணும்.

போர்டோ பசைன்னா என்ன? மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது. 1880-கள்ல பிரான்ஸ்ல போர்டோ பகுதியில, ரோட்டோரத் திராட்சையைப் போறவங்க வர்றவங்க பறிக்காம இருக்கணும்னு இந்தக் கலவையைத் தெளிச்சு வெச்சாங்க. அந்தக் கொடிகளுக்கு மட்டும் பூஞ்சை நோய் வரலன்னு மில்லார்டேங்கிற விஞ்ஞானி கவனிச்சார். அதுலேர்ந்து வந்தது. வீட்டுல செய்யணும்னா 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணியில ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்துலயும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர்ல இன்னொண்ணுலயும் கரைச்சு, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசல்ல ஊத்திக் கலக்கணும். இரும்பு, பித்தளைப் பாத்திரம் ஆகாது. ஒரு இரும்புக் கத்தியை அதுல முக்கிப் பாருங்க. செம்பு நிறமா படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கணும். அன்னைக்குக் கலந்ததை அன்னைக்கே பயன்படுத்தணும். சமையல் பாத்திரம் பக்கமே கொண்டு போகாதீங்க.

தண்டுல ஓட்டை, வேரடியில கசிவு

தென்னைக்கு மிகப் பெரிய எதிரி சிவப்புக் கூன்வண்டு. செம்பழுப்பு நிறம், முன்னால நீளமா மூக்கு. வண்டை நீங்க பார்க்கிறதே அபூர்வம். அதோட புழுதான் தண்டுக்கு உள்ள இருந்து மென்னு தின்னுட்டே இருக்கும். வெளியில தெரியுற அடையாளம் மூணு: தண்டுல சின்ன ஓட்டை, அதுலேர்ந்து பழுப்பா வடியுற சாறு, மென்னு துப்பின நார். சத்தம் இல்லாத நேரத்துல தண்டுல காதை வெச்சுக் கேட்டா உள்ள கறுக் கறுக்னு கேட்கும். நடு மட்டைங்க சாய ஆரம்பிச்சிட்டா ரொம்ப லேட். அந்த மரத்தோட தலை காத்துல முறிஞ்சு விழலாம். கீழ பசங்க விளையாடுற இடம்னா யோசிச்சுப் பாருங்க.

இந்த வண்டு எங்க நுழையும்? காயத்துல. மா, வேம்பு மாதிரி மரத்துல காயம் பட்டா பட்டை மெல்ல வளர்ந்து மூடிக்கும். தென்னைக்கு அந்த வசதி இல்ல. ஒரு தடவை வெட்டினா வெட்டினதுதான், ஆயுசுக்கும் அப்படியே இருக்கும். அதனால ஏற வசதியா தண்டுல படி வெட்டாதீங்க. லைட் மாட்டவும் கொடி கட்டவும் ஆணி அடிக்காதீங்க. பச்சை மட்டையைத் தண்டோட ஒட்டி வெட்டாதீங்க, நாலடி விட்டு வெட்டச் சொல்லுங்க. காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டையும் கூன்வண்டுக்கு வாசல்தான். சின்னதை அப்பவே கவனிச்சா பெரிசு வராது.

வேரடிக்கு வாங்க. தரையை ஒட்டின தண்டுலேர்ந்து செம்பழுப்பா சாறு கசிஞ்சு, அந்தக் கறை மேல மேல ஏறுதா? அடிமட்டைங்க மஞ்சளாகித் தொங்குதா? அது அடித்தண்டழுகல். தஞ்சாவூர் வாடல்னும் சொல்வாங்க. ஆரம்பத்துலயே பார்த்துட்டா வருஷத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, அதோட டிரைக்கோடெர்மா விரிடி, வேரடியில 1 சதவீத போர்டோ கலவைன்னு கட்டுப்படுத்தப் பார்க்கலாம். தண்டோட அடியில தட்டுத் தட்டா காளான் முளைச்சிடுச்சுன்னா உள்ளே நிறைய அழுகியாச்சு. வீட்டுப் பக்கம், ரோட்டுப் பக்கம் சாய்ஞ்சு நிக்கிற மரமா இருந்தா, மனசு கஷ்டமா இருந்தாலும் எடுக்கிறதுதான் நல்லது.

மா மரத்துல இதே மாதிரி அவசரம், தண்டுத் துளைப்பான். கிளை திடீர்னு வாடும், தண்டுல ஓட்டை, கீழ மரத்தூள் கொட்டிக் கிடக்கும். சைக்கிள் ஸ்போக் மாதிரி ஒரு கம்பியை ஓட்டைக்குள்ள விட்டுப் புழுவைக் குத்தி எடுத்துட்டு, களிமண்ணால நல்லா அடைச்சிடுங்க. கிளைல வேற மாதிரி இலையோட ஒரு செடி முளைச்சிருந்தா அது புல்லுருவி. அது ஒட்டியிருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழயே கிளையை வெட்டணும்.

வேர்ல மருந்து கட்டலாமா?

நிறைய பேர் கேட்கிற கேள்வி: "ஒருத்தர் வந்து வேர்ல பாக்கெட் கட்டி மருந்து குடுத்தா சரியாயிடும்னு சொல்றாரு. பண்ணலாமா?" வேர் வழியா மருந்து ஏத்துறது தோப்புகள்ல இருக்கிற முறைதான். ஆனா அந்த மருந்து மரம் முழுக்கப் போகும், இளநீருக்கும் போகும். அதனால மருந்து கட்டினா 45 நாள் காய் பறிக்கக் கூடாதுன்னு விதி. வீட்டு மரத்துல அந்தக் கணக்கை யார் வெச்சிருப்பா? நாலாவது நாளே பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல்னு ஒரு இளநீர் வெட்டிக் குடுப்போம்.

இதுக்கு வழக்கமா பயன்படுத்தின மருந்து மோனோகுரோட்டோபாஸ். 2013 ஜூலையில பீகார்ல ஒரு பள்ளிக்கூடத்துல மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைங்க இறந்தாங்களே, அந்தச் சமையல் எண்ணெயில இருந்தது இதே மருந்துதான். அதனால நீங்களா செய்யாதீங்க. பேர் தெரியாத மருந்தோட வர்றவங்களையும் செய்ய விடாதீங்க. மீதி மருந்தைப் பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தி மாடிப்படிக்குக் கீழ வைக்கவே வைக்காதீங்க.

யார்கிட்ட கேட்கலாம்? பெரும்பாலான மாவட்டங்கள்ல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. தென்னைக்குன்னே ஆழியாறுல ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1800 180 1551-க்கு கூப்பிட்டா தமிழ்லயே பேசுவாங்க, கட்டணம் கிடையாது. கூப்பிடுறதுக்கு முன்னாடி நாலு போட்டோ எடுத்து வைங்க: இலையோட அடிப்பக்கம், குருத்து, தண்டு, வேரடி. "மரம் வாடுது"ன்னு சொன்னா அவங்களால ஒண்ணும் சொல்ல முடியாது. "தண்டுல மூணடி உயரத்துல ஓட்டை, பழுப்பா வடியுது"ன்னு சொன்னா உடனே புரிஞ்சிடும்.

வேரடின்னு சொன்னதும் கடைசியா ஒண்ணு. எத்தனையோ வீடுகள்ல மரத்தைச் சுத்தி ஓட்டாம ஒட்ட சிமென்ட் போட்டு வெச்சிருக்கோம். தண்ணியும் காத்தும் போகாத வேர் பலவீனமாகும், பலவீனமான மரத்தைப் பூச்சி சுலபமா பிடிக்கும். தண்டைச் சுத்தி மூணடியாவது சிமென்ட்டை உடைச்சு மண்ணைத் திறந்து விடுங்க. எந்த மருந்துக் கடையிலயும் கிடைக்காத வைத்தியம் அது.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் எடுத்துக்கோங்க. போனைக் கையில வெச்சுக்கிட்டு மரத்தை ஒரு சுத்துச் சுத்தி வாங்க. வேரடியிலேர்ந்து ஆரம்பிச்சு, தண்டு, குருத்து, கடைசியா இலை. ஏதாவது கண்ணுல பட்டா போட்டோவோட எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.